உயரமும் எடையும் கூடியவருக்கு ரோடு பைக்: புதுச்சேரி, கடலூர்ச் சாலைகளுக்கு எது பொருந்தும்?

தவளக்குப்பத்துக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் உயரம் 193 செ.மீ., எடை 112 கிலோ. வீடு தவளக்குப்பத்தில், அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில். ஒரு வழிக்கு ஏறக்குறைய 15 கி.மீ. வரும் இந்தத் தூரத்தை வாரத்தில் சில நாட்களாவது சைக்கிளில் கடக்க வேண்டும் என்பதும், ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் வரை போய்வர வேண்டும் என்பதும், உடம்பு பழகியபின் 200 கி.மீ. பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றில் கலந்துகொண்டு அதற்குரிய 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் என் ஆசை.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு ஹைபிரிட் சைக்கிள். ஃபிரேமில் குறையில்லை, பின்சக்கரம்தான் நிற்க மாட்டேன் என்கிறது. ஸ்போக் உடைவது வழக்கமாகிவிட்டது. உடைவதெல்லாம் கியர் இருக்கும் வலப்பக்கத்திலேயே, அதுவும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் துளைக்குள் கம்பி வளைந்து நுழையும் இடத்திலேயே உடைகிறது. கடையில் புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துத் தருகிறார்கள். ஒரு மாதம் ஓடுவதற்குள் பக்கத்துக் கம்பி போய்விடுகிறது.

புதிதாக வாங்கிவிடலாம் என்று விசாரித்தபோது ஒரு கடையில், “முதலில் எடையைக் குறையுங்கள், ரோடு பைக்கைப் பிறகு பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எடையைக் குறைப்பதற்காகவே சைக்கிள் தேடி வந்தவனுக்கு அந்தப் பதில் மிகுந்த வருத்தத்தைத் தந்தது. இன்னொரு கடையில் 56 அளவு ஃபிரேம் ஒன்றைக் காட்டி, சீட்டை உயர்த்திக்கொண்டால் போதும் என்றார்கள். சீட்டை உயர்த்தி உட்கார்ந்தபோது ஹேண்டில்பார் வெகு கீழே இருந்தது. குனிந்து பிடித்தால் வயிறு மடங்கி மூச்சு முட்டியது.

என்னால் செலவிடக்கூடிய தொகை ஒரு லட்சம் ரூபாய். அலுமினியம், ஸ்டீல், கார்பன் ஆகியவற்றில் எது என் எடையைத் தாங்கும், எந்த அளவு ஃபிரேம் எடுக்க வேண்டும், டிஸ்க் பிரேக் அவசியமா, பயன்படுத்திய சைக்கிளை வாங்கலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


திருப்பாதிரிப்புலியூர் வீல்காரர்:

வணக்கம் ஐயா. சைக்கிள் சக்கரம் கோப்பது என் தொழில். கம்பி எந்தப் பக்கம், எந்த இடத்தில் உடைகிறது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. உங்களைப் போன்ற எடையுள்ளவர் ரோடு பைக் வாங்கும்போது பணத்தை முதலில் பின்சக்கரத்துக்கும் டயருக்கும் ஒதுக்க வேண்டும். ஃபிரேம், கியர் எல்லாம் அதற்குப் பிறகுதான். கடைகளில் பெரும்பாலும் பேச்சு ஃபிரேமில் தொடங்கி ஃபிரேமிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் எடையைச் சாலையில் சுமக்கப்போவது சக்கரம். அதிலும் உட்கார்ந்து ஓட்டும்போது பாரத்தில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் மீதே இறங்குகிறது.

பாரம் தாங்காமல் கம்பி அறுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்போக் ஒன்றை நேராக இழுத்து அறுக்க 200 கிலோவுக்கு மேற்பட்ட விசை தேவைப்படும். அப்படிப்பட்ட விசை சாலையில் ஒரு கம்பிக்கு வருவதில்லை. நடப்பது என்னவென்றால், சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் பகுதிக்கு நேர் மேலே வரும் கம்பிகள் சற்றுத் தளர்கின்றன. அந்த இடத்தை விட்டு விலகியதும் மறுபடி இறுகுகின்றன. ரோடு பைக்குகளில் வழக்கமாக வரும் 700சி அளவுச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.15 மீட்டர் ஓடும் என்பதால், நீங்கள் தவளக்குப்பத்தில் கிளம்பி மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 7,000 தடவை தளர்ந்து இறுகுகிறது. இப்படி ஓயாமல் அசைவதால் வளைவில் உள்ள உலோகம் களைத்து, மயிரிழை அளவு வெடிப்பு விட்டு, அது மெல்ல மெல்ல உள்ளே பரவி ஒருநாள் கம்பி போகிறது. எடை கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் தளர்ச்சியின் அளவு கூடுகிறது; கம்பிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இறுக்கத்தில் இருந்தால் சில கம்பிகள் மட்டும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கின்றன.

அடுத்த முறை உடைந்த கம்பி கையில் கிடைத்தால் அதன் முறிந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு பகுதி அழுக்கேறி மங்கியிருக்கும், மற்றப் பகுதி புதிதாக மினுங்கிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கும். மங்கிய பகுதி பல வாரங்களாக விரிந்துகொண்டிருந்த வெடிப்பு. மினுங்கும் பகுதி கடைசி நாளில் அறுந்தது. ஒரு கம்பி அந்த நிலைக்கு வந்துவிட்டால் அதே பக்கத்தில் அதனுடன் கோக்கப்பட்ட மற்றக் கம்பிகளும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொன்றாக மாற்றுவதால் பயனில்லை. எல்லாக் கம்பிகளையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கோக்க வேண்டும்.

வலப்பக்கமே உடைவதற்கும் காரணம் உண்டு. கியர் அடுக்குக்கு இடம் விடுவதற்காக ஹப்பின் வலப்பக்கத் தட்டு நடுவை நோக்கித் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ரிம் ஃபிரேமின் நடுவில் நிற்க வேண்டுமானால் வலப்பக்கக் கம்பிகளை மிகுந்த இறுக்கத்திலும், இடப்பக்கக் கம்பிகளை ஏறக்குறைய அதில் பாதி இறுக்கத்திலும் வைக்க வேண்டியிருக்கிறது. மிதிக்கும் விசையும் அந்தப் பக்கமாகவே ஏறுகிறது. இயந்திரத்தில் கோத்து அப்படியே பெட்டியில் வரும் சக்கரங்களில் இந்த இறுக்கம் சீராக இருப்பது அரிது.

எனவே புதிய சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 32 கம்பிக்குக் குறையக் கூடாது. 36 கிடைத்தால் அதுவே உங்களுக்கு நல்லது. பார்வைக்கு அழகாக 20, 24 கம்பிகளுடன் வரும் சக்கரங்களை ஏற்காதீர்கள். ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடந்து செல்லும் பின்னலில் கோக்க வேண்டும். கம்பி முழுவதும் ஒரே தடிமனாக இருப்பதைவிட இரு முனைகளில் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று மெலிந்திருப்பது நீண்ட காலம் உழைக்கும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இதற்கும் காரணம் இருக்கிறது: மெலிந்த நடுப்பகுதி சற்று நீண்டு சுருங்கி அசைவை வாங்கிக்கொள்வதால் வளைவில் களைப்பு குறைகிறது. டிடி ஸ்விஸ் காம்பெடிஷன், சேபிம் ரேஸ் ஆகியவை இந்த வகை. ரிம் இரட்டைச் சுவருள்ளதாக இருக்க வேண்டும். கோத்து முடித்தபின் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் அடக்கிப் பலமாக அழுத்தி விடுவது என் வழக்கம். அப்போது கம்பிகள் தங்கள் இடத்தில் கிறீச்சிட்டு அமர்வது காதிலேயே கேட்கும். அதற்குப் பிறகு மறுபடி கோட்டம் பார்த்து இறுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிறாரா என்று சக்கரம் கோப்பவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

ஹப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைந்த சைக்கிள்களில் ஹப்பின் மேல் திருகிப் பூட்டும் கியர் அடுக்கான ஃப்ரீவீல் வரும். அதில் வலப்பக்கப் பால்ரஸ் ஃபிரேமிலிருந்து வெகு தூரம் உள்ளே இருப்பதால் ஆக்சிலின் நீண்ட துண்டு ஆதாரமின்றி நிற்கிறது. எடையுள்ளவர் பள்ளத்தில் இறக்கினால் ஆக்சில் வளையும், சில வேளைகளில் முறியும். கேசட் என்ற கியர் அடுக்கைச் செருகிப் பூட்டும் ஃப்ரீஹப்பில் அந்தப் பால்ரஸ் ஃபிரேமை ஒட்டி வெளிப்புறத்தில் அமைந்திருக்கும். 8 கியர் கேசட் ஆனாலும் பரவாயில்லை, ஃப்ரீஹப் உள்ளதையே வாங்குங்கள். ஃபிரேமின் துளைகளுக்குள் ஊடுருவித் திருகும் 12 மி.மீ. த்ரூ ஆக்சில் இருந்தால் இன்னும் உறுதி.

நம் ஊருக்கே உரிய தொல்லை உப்புக்காற்று. கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் நிப்பிள்கள் அலுமினியமானால் இங்கே வெள்ளை பூத்து ரிம்மோடு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு சாவியை வைத்துத் திருப்பினால் உடைகின்றன. பித்தளை நிப்பிள் சில கிராம்கள் கூடுதல். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.


முத்தியால்பேட்டை:

நண்பருக்கு வணக்கம். சக்கரத்தைப் பற்றி வீல்காரர் எழுதியதற்கு மேல் சொல்வதற்கில்லை. நானும் 190 செ.மீ.க்கு மேற்பட்ட உயரமுள்ளவன் என்பதால் அளவைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்குக் காட்டிய 56 அளவு ஃபிரேம் பொருந்தாது. எவ்வளவு விலை குறைத்துத் தந்தாலும் அதை எடுக்காதீர்கள்.

சீட்டை உயர்த்தினால் போதும் என்பது காலுக்கு மட்டும் சொல்லும் கணக்கு. சீட்டுக் குழாய் ஏறத்தாழ 73 பாகைச் சாய்வில் பின்னோக்கி நிற்கிறது. சீட்டை உயர்த்த உயர்த்த அது பின்னாலும் போகிறது. சிறிய ஃபிரேமில் நீண்ட சீட் போஸ்ட் போட்டு உட்கார்ந்தால் உங்கள் உடல் பின்சக்கரத்தின் அச்சை நோக்கி நகர்ந்துவிடும். ஏற்கெனவே கம்பி உடையும் சக்கரத்தின் மீது இன்னும் பாரம் ஏறும். சீட் போஸ்ட் நெம்புகோல்போல் ஃபிரேமின் கழுத்தை அலைக்கும். ஹேண்டில்பார் உயரமோ கூடுவதேயில்லை. நீங்கள் குனிந்தபோது மூச்சு முட்டியது அதனால்தான்.

முதலில் உள்காலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே சீட்டில் உட்காரும் அழுத்தத்தோடு மேலே ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். வரும் அளவை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். இது தொடக்கப் புள்ளிதான். ஓட்டிப் பார்த்துச் சில மில்லிமீட்டர் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஃபிரேமின் மேல் ஒட்டியிருக்கும் 56, 58, எக்ஸ்எல் போன்ற எண்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகையாக அளக்கிறது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒப்பிடக்கூடிய அளவுகள் இரண்டு. கிராங்க் சுழலும் அதே நடு அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில்பார் நுழையும் குழாயின் உச்சி வரையுள்ள நேர் உயரம் ஸ்டாக். அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள கிடைத்தூரம் ரீச். நம் உயரத்துக்கு ஸ்டாக் 600 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். உங்களைப் போல் இப்போதுதான் தொடங்குகிறவருக்கு 620, 630 மி.மீ. இருந்தால் இன்னும் நிம்மதி. பந்தயத்துக்கென்று செய்த ஃபிரேம்களில் பெரிய அளவில்கூட ஸ்டாக் தாழ்வாகவே இருக்கும். நெடுந்தூர வசதிக்கான எண்டியூரன்ஸ் வகையும் மண்சாலைக்கான கிராவல் வகையும் உயரமாக இருக்கும். இந்த அளவுகள் நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் அட்டவணையாகக் கிடைக்கின்றன. கடைக்குப் போகுமுன் எழுதிக்கொண்டு போங்கள்.

கிராங்க் 175 மி.மீ. இருக்க வேண்டும், பெரிய அளவு ஃபிரேம்களில் வழக்கமாக அதுவே வரும். ஹேண்டில்பார் அகலம் தோள் அகலத்தை ஒட்டி 44 செ.மீ. இருக்கலாம். சீட்டைப் பொறுத்தவரை, எடையுள்ளவர்களுக்குத் தலையணைபோல் தடித்த மெத்தைச் சீட்டைப் பரிந்துரைப்பார்கள். நீண்ட தூரத்தில் அது உடம்பை இன்னும் வருத்தும். உட்காரும் எலும்புகளின் அகலத்துக்கு ஏற்ற, ஓரளவு கெட்டியான சீட்டுதான் வேண்டும். அதன் அடிக்கம்பிகள் ஸ்டீலாக இருக்கட்டும். இலேசான பெடல்களில் டைட்டானிய அச்சுள்ளவற்றுக்கு எடை எல்லை உண்டு. ஸ்டீல் அச்சுள்ளதையே எடுங்கள்.

எங்கள் உயரத்துக்கான ஃபிரேம் கடைகளில் இருப்பில் இருப்பதில்லை என்பது உண்மை. ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். கையில் இருப்பதை விற்றுவிட வேண்டும் என்ற அவசரம் கடைக்காரருக்கு இருக்கலாம். உங்களுக்கு அந்த அவசரம் வேண்டாம்.


வில்லியனூர் சைக்கிள் பிரியை:

வணக்கம் அண்ணா. ஃபிரேம் எதில் செய்யப்பட்டது என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை.

கார்பன் என்றால் எடையுள்ளவர் ஏறியதும் உடைந்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியன்று. ஒழுங்காகச் செய்யப்பட்ட கார்பன் ஃபிரேம், அதற்கு நிறுவனம் விதித்த எல்லைக்குள் எந்த அலுமினிய ஃபிரேமுக்கும் குறையாமல் உழைக்கும். ஆனால் உங்கள் தொகைக்குள் புதிய கார்பன் சைக்கிள் தேடினால் சக்கரமும் பிரேக்கும் மட்டமாகவே அமையும். பழையது வாங்கினால் உள்ளே அடிபட்டிருப்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பல நிறுவனங்கள் ஃபிரேமுக்குத் தரும் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இலேசான ஃபிரேமுக்காகக் கூடுதலாகச் செலவிடுவது உங்களுக்குத் தேவையே இல்லை. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 123 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஃபிரேமில் ஒரு கிலோவைக் குறைப்பது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. நம் கடற்கரைச் சாலை முழுவதும் சமதரை. இங்கே வேகத்தைத் தின்பது எதிர்காற்று. பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய திறந்த வெளியில் அது எவ்வளவு கனம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதை எதிர்க்க உதவுவது ஓட்டுபவர் வசதியாகத் தாழ்ந்து உட்கார முடிகிற நிலை. ஃபிரேமின் எடை அதற்கு உதவாது.

எனவே அலுமினியம் போதும். ஸ்டீலில் குரோமோலி கிடைத்தால் மிக அருமையாக ஓடும். ஆனால் கடலோரத்தில் குழாய்களுக்கு உட்புறம் துருத்தடுப்பு எண்ணெய் விட்டுப் பராமரிக்க வேண்டும். அலுமினிய சீட் போஸ்ட்டுக்குக் கிரீஸ் தடவாமல் ஸ்டீல் ஃபிரேமில் விட்டுவைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு கழற்றவே முடியாமல் போகும்.

நிறுவனத்தின் கையேட்டில் எடை எல்லை அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்கும்போது ஓட்டுபவரின் எடை மட்டுமா, சைக்கிளும் பையும் தண்ணீர்ப் புட்டியும் சேர்த்தா என்று பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் சேர்ந்த மொத்தத்தையே குறிப்பிடுவார்கள். 120 கிலோ என்று போட்டிருக்கும் சைக்கிள் உங்களுக்கு இப்போதே போதாது. ஃபிரேமுக்கு ஓர் எல்லையும் சக்கரத்துக்கு அதைவிடக் குறைந்த எல்லையும் இருப்பதுண்டு, இரண்டையும் கேளுங்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் மட்டும் ஓட்டுவதானால் ரிம் பிரேக்கே நிறுத்திவிடும். ஆனால் ரிம் பிரேக் ரோடு ஃபிரேம்களில் பெரும்பாலும் 28 மி.மீ.க்கு மேல் டயர் நுழையாது. டிஸ்க் பிரேக் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் அகலமான டயர்தான். பின்னாளில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும் ஆசை வந்தால், 123 கிலோவை நிறுத்தும் சூடு முழுவதும் ரிம்மிலும் டியூபிலும் ஏறாமல் டிஸ்க்கோடு நிற்கும் என்பது இரண்டாவது காரணம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் உங்கள் தொகைக்குள் அமைந்தால் மிக நல்லது. கேபிளால் இழுக்கும் டிஸ்க் ஆனால் உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் கேபிளை மாற்றிவிடுங்கள்.


தவளக்குப்பத்துக்காரர்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கடைகளில் ஒருவரும் இவ்வளவு பொறுமையாக விளக்கவில்லை. சொன்னபடி அளந்தேன்: உள்கால் 92 செ.மீ. அதன்படி சீட்டின் உயரம் 81 செ.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. என் பழைய சைக்கிளில் சீட் போஸ்ட்டை அதன் எல்லைக்கோடு வரை ஏற்றியும் அந்த உயரம் வரவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். முட்டி வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இப்போது என் முன்னால் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று, தெரிந்தவர் ஒருவர் விற்கும் பயன்படுத்திய கார்பன் பந்தயச் சைக்கிள். 58 அளவு, ஸ்டாக் 585 மி.மீ., ரிம் பிரேக், முன்னே 20 பின்னே 24 கம்பிகள், 25 மி.மீ. டயர். பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது. மற்றது, கடையில் ஆர்டர் கொடுத்தால் வரும் புதிய அலுமினிய எண்டியூரன்ஸ் சைக்கிள். எக்ஸ்எல் அளவு, ஸ்டாக் 628 மி.மீ., கேபிள் டிஸ்க், 38 மி.மீ. டயர் வரை நுழையும், பின்னே 28 கம்பிகள், 8 கியர் ஷிமானோ கிளாரிஸ், முன்னே 50, 34 பற்கள், பின்னே 11 முதல் 34 வரை. கையேட்டில் மொத்த எடை எல்லை 136 கிலோ என்று இருக்கிறது. விலை என் தொகையைவிடக் குறைவு. மிச்சம் கையில் நிற்கும்.

இரண்டாவதில் 28 கம்பி என்பது வீல்காரர் ஐயா சொன்ன 32-க்குக் குறைவாக இருக்கிறதே, அதை என்ன செய்வது? டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.


முத்தியால்பேட்டை:

இரண்டாவதுதான், தயங்க வேண்டாம். 585 ஸ்டாக் உள்ள ஃபிரேமில் 81 செ.மீ. உயரத்தில் சீட்டை வைத்தால் கடையில் பட்ட அதே மூச்சுத்திணறல்தான். 34-க்கு 34 பல் கிடைப்பதால் கேப்பர் மலை ஏற்றத்தையும் பாலங்களையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். மலைச்சாலைக்கும் அது கைகொடுக்கும். 8 கியர் என்று யாராவது குறைவாகப் பேசினால் பொருட்படுத்தாதீர்கள், அதன் செயினும் கேசட்டும் மலிவாகக் கிடைக்கும்.


திருப்பாதிரிப்புலியூர் வீல்காரர்:

நானும் அதையே சொல்வேன். மிச்சமாகும் பணத்தைப் பின்சக்கரத்துக்குச் செலவிடுங்கள். 28 துளையுள்ள ஹப்பில் கம்பியைக் கூட்ட முடியாது. ஆகவே ஹப், ரிம், கம்பி மூன்றையும் புதிதாக எடுத்துக் கோப்பதே வழி. கடையில் வாங்கும்போதே ஃபிரேமின் பின்பக்க இடைவெளியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெம்பைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் க்விக் ரிலீஸ் உள்ள டிஸ்க் ஃபிரேமானால் 135 மி.மீ., த்ரூ ஆக்சில் ஆனால் 142 மி.மீ. இருக்கும், ஹப்பை அதற்கேற்ப எடுக்க வேண்டும். 135 ஆனால் ஷிமானோ டியோர் வரிசையில் 36 துளை டிஸ்க் ஹப் உண்டு. ரிம்மின் உள்ளகலம் 19 முதல் 21 மி.மீ. வரை இருந்தால் 32, 35 மி.மீ. டயர்கள் நன்றாக அமரும். முன்சக்கரத்தை இப்போதைக்கு மாற்ற வேண்டியதில்லை. அதில் பாரமும் குறைவு, மிதிக்கும் விசையும் ஏறுவதில்லை. கம்பிகளின் இறுக்கத்தை மட்டும் ஒருமுறை சீராக்கிக்கொள்ளுங்கள்.

ரிம் வாங்கும்போது டயர் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். இப்போது கொக்கியில்லாத ரிம்களும் வருகின்றன. அவற்றில் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கக் கூடாது. உங்கள் எடைக்கு 28, 30 மி.மீ. டயர் போட்டால் அந்த எல்லையைத் தாண்ட வேண்டிவரும்.

டயர் 35 மி.மீ. எடுங்கள். பின்னே 65 முதல் 70, முன்னே 55 முதல் 60 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். 32 மி.மீ. ஆனால் இரண்டிலும் பத்தளவு கூட்ட வேண்டும். காற்று குறைந்தால் ரெட்டிச்சாவடிப் பக்கத்து வேகத்தடைகளில் ரிம் தரையைத் தொட்டு டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் விழும். அப்படித் துளை விழுந்தால் முள் தேட வேண்டாம், காற்றைக் கூட்டினால் போதும். அளவு காட்டும் பம்பு ஒன்றை வீட்டில் வைத்து வாரம் ஒருமுறையாவது பாருங்கள். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது இந்த அழுத்தத்தில் எதையும் காட்டாது.

புதிய சக்கரம் முதல் 300 கி.மீ. ஓடியபின் கம்பிகள் தங்கள் இடத்தில் அமர்ந்து சற்றுத் தளரும். அப்போது யாரிடமாவது கொடுத்து, கோட்டம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் இறுக்கம் காட்டும் மீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாதவர் கம்பிகளை விரலால் சுண்டி ஓசையைக் கேட்பார். வலப்பக்கக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் ஒலித்தால் இறுக்கம் சீராக இருக்கிறது என்று கொள்ளலாம். பழைய ஹைபிரிட்டை விற்றுவிட வேண்டாம். அதன் பின்சக்கரத்தையும் புதுக் கம்பிகளால் முழுவதும் கோத்துவிட்டால் மழை நாட்களில் கடைத்தெருவுக்குப் போய்வர உதவும்.